லீற்றர் எவ்வளவு? காணி துப்புரவு: கேள்வி–பதில்

மாரிக்கு முதல் காணியைத் துப்புரவாக்கிவிட வேண்டும் என்ற அந்தரத்தில் வந்த கேள்விகள் இவை. பாதிப்பேர் கொழும்பு பஞ்சிகாவத்தைக் கடைகளில் மெஷினில் பூட்டும் கருவிக்கு விலை பேசி, முற்பணமும் கொடுத்துவிட்டுத்தான் எனக்கு எழுதியிருக்கிறார்கள். மெஷினின் ஹைட்ரோலிக் பம்ப் நிமிடத்துக்கு எத்தனை லீற்றர் எண்ணெய் தள்ளும் என்று எழுதியவர் ஒரேயொருவர்.

வவுனியா வாசகர்: என்னிடம் பொப்கட் (சின்ன லோடர்) இருக்கிறது. 12 அங்குல மரம் வெட்டும் ஷியர் (ஹைட்ரோலிக் கத்தரி) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. வாங்கலாமா?

என்ன மொடல் என்று எழுதவில்லை. சாதாரண பொப்கட் என்றே வைத்துக்கொள்கிறேன்: நிமிடத்துக்கு 60–80 லீற்றர், அழுத்தம் 200 பார் சொச்சம். ஷியரை ஓட்ட அது போதும். சிலிண்டர்தானே, வாய் கொஞ்சம் ஆறுதலாக மூடும், அவ்வளவுதான்.

அந்த 12 அங்குலம்தான் இடிக்கிறது. அது வெளிநாட்டு மென்மரத்தை வைத்துச் சொன்ன அளவு. உங்கள் காணியில் நிற்பது பாலையும் வீரையும் முதிரையும், எல்லாம் வன்மரம். நான் எப்போதும் மூன்றிலொன்றைக் கழித்துவிடுவேன், ஆகவே உங்களுக்கு அது 8 அங்குல ஷியர். பாரத்தையும் பாருங்கள். ஓரடி விட்டமும் இருபதடி நீளமும் உள்ள பாலைக்குற்றி அரைத் தொன் வரும், தண்ணீரில் போட்டால் தாழும் மரம் அது. ஷியரே 300 கிலோ. இரண்டையும் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினால் பொப்கட்டின் பின்சில்லு நிலத்தை விட்டுக் கிளம்பும்.

வெட்டிய மரத்தைப் பலகைக்கு விற்கும் யோசனை இருந்தால் ஷியர் வேண்டாம். அது நசுக்கித்தான் வெட்டும். அடிமரம் ஓரடி, ஒன்றரை அடிக்கு விண்டு போயிருக்கும்.

கிளிநொச்சி வாசகர்: எக்ஸ்கவேட்டருக்கு வாள் பூட்டிய தலை நல்லதா, ஷியரா?

உங்கள் ஊருக்கு ஷியர். வாள் சுத்தமாக வெட்டும், மரமும் பழுதாகாது, அதெல்லாம் சரி. ஆனால் 2009க்கு முந்திய மரம் என்றால் உள்ளே யுத்தகாலச் செல் துண்டு இருக்கலாம். வெளியே பட்டை மூடி வளர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வாள் அதில் பட்டால் பல்லு முழுக்கப் போகும், உடைந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்றும் சொல்ல முடியாது. ஷியர் அலகில் ஒரு பள்ளம் விழும், தீட்டிக்கொள்ளலாம்.

மிதிவெடி அகற்றி விடுவித்த காணிதான் என்ற கடிதம் கையில் இல்லாமல் எந்த மெஷினையும் உள்ளே இறக்காதீர்கள்.

மன்னார் வாசகர்: சீமைக்கருவேல் பற்றையை வெட்ட எந்த ஷியர் நல்லது?

எந்த ஷியரும் சரிவராது. நிலமட்டத்தில் வெட்டினால் ஒரு தண்டு நின்ற இடத்தில் பத்துத் தண்டு வரும், ஏனென்றால் அதன் முளைக்கணு மண்ணுக்குச் சற்றுக் கீழே இருக்கிறது. புல்லர் (தண்டைக் கவ்விப் பிடுங்கும் கருவி) வாங்கி, மழை பெய்து மண் இளகிய கிழமையில் வேரோடு பிடுங்குங்கள். மழை கூடிவிட்டால் மெஷினே புதையும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய மரங்களுக்குப் பெக்கோவால் (மண் தோண்டும் மெஷின்) ஓரடி ஆழத்துக்குத் தோண்ட வேண்டும்.

புத்தளம் வாசகர்: பழைய தென்னைகளை எடுத்து மறுநடுகை செய்யப்போகிறேன். ஷியர் வாங்கவா?

வேண்டாம். தென்னை நார், கத்தரிக்கு மடங்காது. பெக்கோவால் வேரை ஒரு பக்கம் அறுத்துத் தள்ளினால் விழும். விழுந்ததைக் காணியில் கிடந்து உக்க விடாதீர்கள். காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டையிடும், பிறகு உங்கள் புதுக் கன்றுகளைத்தான் துளைக்கும்.

அம்பாறை வாசகர்: மல்ச்சர் (பற்றையை அரைக்கும் உருளை) வாங்கிப் பொப்கட்டில் பூட்டினேன். கை மொத்தத் தடிக்கே நின்றுவிடுகிறது. மல்ச்சர் பழுதா?

பழுதில்லை. மல்ச்சர் 130 லீற்றர் கேட்கிறது, உங்கள் மெஷின் 75 கொடுக்கிறது. நீங்களே இரண்டு எண்ணையும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள், இரண்டு வெவ்வேறு பந்தியில்! அதை வாங்குவதற்கு முன் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்திருந்தால் கதை முடிந்திருக்கும்.

இதை எத்தனை தரம் எழுதுவது? ஷியர், கிறப்பிள் (கவ்வித் தூக்கும் கை), புல்லர் மூன்றும் சிலிண்டரில் வேலை செய்பவை, லீற்றர் குறைந்தால் மெதுவாக ஓடும். மல்ச்சர் மோட்டரில் ஓடுகிறது. லீற்றர் குறைந்தால் வேகம் இல்லை, வேகம் இல்லாத உருளை மரத்தைத் தின்னாது. ஹை-ஃப்ளோ மெஷின் என்றால் 110 முதல் 150 லீற்றர். அது இல்லாதவர் மல்ச்சர் விலையே கேட்கத் தேவையில்லை.

நானும் ஒருகாலம் ஏமாந்தவன்தான். பல வருடத்துக்கு முன் கொழும்பில் ஒரு கடையில் பழைய மல்ச்சர் ஒன்று, புதுப் பெயின்ற் அடித்துப் பளபளவென்று நின்றது. "எந்த மெஷினுக்கும் போடலாம் ஐயா" என்றார்கள். லீற்றர் பொறித்த தகட்டின் மேலும் பெயின்ற் அடித்திருந்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஐந்து ரூபாய்க் குற்றியால் சுரண்டினேன். முதலில் 1 வந்தது, பிறகு 2, பிறகு 0. என் மெஷின் 80. சரி, மெதுவாகவாவது ஓடட்டும் என்று பூட்டினேன். மோட்டரிலிருந்து ரேங்கிக்கு நேரே போக வேண்டிய மெல்லிய மூன்றாவது ஹோஸைத் திரும்பும் லைனிலேயே சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அரை மணித்தியாலத்தில் சீல் பிய்ந்து எண்ணெய் என் சேட்டு முழுக்க. கேஸ் ட்ரெயின் (case drain) என்பது அந்த ஹோஸ்தான். அது தனியாக, அழுத்தம் இல்லாமல் ரேங்கிக்குப் போக வேண்டும். உங்களுடையதை இன்றைக்கே பாருங்கள், சீலாவது தப்பட்டும்.

மல்ச்சரை விற்றுவிட்டுப் புல்லரும் கிறப்பிளும் வாங்குங்கள். விற்கும் வரைக்கும் ஓட்டத்தான் போகிறேன் என்றால், முன்கதவுக்குச் சாதாரண கண்ணாடி போதாது, பொலிகாபனேற் போட வேண்டும். 100 மீற்றருக்குள் ஆடுமாடும் நிற்கக்கூடாது, ஆளும் நிற்கக்கூடாது.

யாழ்ப்பாண வாசகர்: காணியில் ஏழு பனை, ஒரு பலா. சொந்தக் காணிதானே, அனுமதி எதற்கு?

1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். பலா, ஈரப்பலா, பெண்பனை மூன்றையும் நினைத்தபடி தறிக்க முடியாது, சொந்தக் காணியானாலும். முதலில் பிரதேச செயலகத்துக்குப் போங்கள், ஷியரைப் பிறகு பார்க்கலாம்.

முல்லைத்தீவு வாசகர்: பெக்கோ பக்கெட்டாலேயே எல்லாவற்றையும் தள்ளிக் குவிக்கலாம் என்கிறார் ஒப்பரேட்டர்.

மரத்தைத் தள்ள பக்கெட் சரி. குவிக்க ரேக் (பல்லு வைத்த வாரி) வேண்டும். பக்கெட்டால் வழித்தால் உங்கள் மேல்மண்ணும் பற்றையோடு குவியலுக்குள் போகும். ஒப்பரேட்டருக்கு மணித்தியாலக் காசு, விளைச்சல் குறைவது உங்களுக்கு.

பெயர், ஊர் இல்லாத வாசகர்: 20 தொன் எக்ஸ்கவேட்டருக்குப் பழைய கிறப்பிள் பொருந்துமா?

பூட்டும் பின் (pin) விட்டம் எழுதவில்லை, அந்தப் பின் கோக்கும் காது அகலம் எழுதவில்லை, லீற்றரும் எழுதவில்லை. அந்த வகுப்பில் பின் பெரும்பாலும் 80 மில்லிமீற்றர். அளந்து எழுதுங்கள், அடுத்த முறை பார்ப்போம்.

மட்டக்களப்பு வாசகர்: ஒன்றரை ஏக்கர். பெரிய மரம் முப்பது இருக்கும். செயின் சோ வைத்து வெட்டினால் போதாதா?

போதும். கட்டைகளை இரண்டரை அடி உயரத்தில் விட்டு வெட்டுங்கள், அடியோடு வழித்து வெட்டினால் பெக்கோவுக்குப் பிடி இருக்காது. பிறகு பெக்கோவை ஒரு நாள் வாடகைக்கு எடுத்துக் கட்டைகளைக் கிளப்பிவிடுங்கள்.