வீல்சேர் வாங்கியாச்சு, பழுது பார்ப்பது யார்?

கேள்வி: எங்களுக்குத் திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமம். இளம்பிள்ளை வாதத்தால் நடக்க முடியாத என் தம்பிக்கு இணையத்தில் 52,000 ரூபாய்க்கு பேட்டரி வீல்சேர் வாங்கினோம். ஐந்தாம் மாதமே நின்றுவிட்டது. ஒரு வருட வாரண்டி உண்டு, ஆனால் சென்னைக்குக் கொண்டுவரச் சொல்கிறார்கள். மெல்போர்னில் இருக்கும் அத்தை மகன், "இங்கே அரசாங்கமே பணம் ஒதுக்கிவிடும், வேண்டியதை நாமே தேர்ந்தெடுக்கலாம்" என்கிறார். நம் ஊரிலும் அப்படி வந்தால் எங்கள் பாடு தீருமா?

பதில்: முதலில் வீல்சேரைப் பார்ப்போம். சென்னைக்குத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக அவர் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டும் என்கின்றன 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள். அசையவில்லையா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதுவும் பலிக்காவிட்டால் திருவாரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. விற்றவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சரி, 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. பில், வாரண்டி அட்டை, சென்னைக்கு வரச் சொன்ன செய்தி எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். தம்பி வீட்டுக்குள் அடைந்து கிடந்த நாட்களுக்கும் சேர்த்து இழப்பீடு கேளுங்கள். அதைப் பலரும் கேட்காமல் விடுகிறார்கள்; எனக்கு மனசு ஆறுவதில்லை.

அப்புறம், மெல்போர்ன் விஷயம். ஆஸ்திரேலியாவில் மாற்றுத்திறனாளிகளுக்காக 2013-ல் சட்டமாகி வந்த திட்டம் அது. ஒவ்வொருவரின் தேவையையும் கணக்கிட்டுத் தொகை ஒதுக்குவார்கள். சேவை தருபவரை அவரவரே தேர்ந்தெடுக்கலாம். நகரத்தில் இருக்கிற, படிவம் நிரப்பவும் அதிகாரியிடம் வாதாடவும் தெரிந்த குடும்பத்துக்கு அது பெரிய வரம். ஆனால் தொலைதூர ஊர்களில், குறிப்பாகப் பழங்குடி மக்கள் வாழும் இடங்களில், ஒதுக்கிய பணம் செலவாகாமலே கிடக்கிறது. வாங்கச் சேவை இருந்தால்தானே செலவாகும்? நாலு பேர் மட்டுமே இருக்கிற ஊரைத் தேடி எந்த வியாபாரியும் வருவதில்லை.

கடைமடைக்காரரான உங்களுக்கு இது புதிதா என்ன? ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாலும், தூர்வாராத வாய்க்காலில் தண்ணீர் உங்கள் வயலுக்கு வந்து சேராது. உங்களிடம் 52,000 ரூபாய் இருந்தது. பழுது பார்க்கத்தான் பக்கத்தில் ஆளில்லை. பணம் வேண்டும்தான். கூடவே, தாலுகாவுக்கு ஒரு பழுதுபார்ப்பு இடமும் உதிரிபாகமும் அரசே தராவிட்டால் 'தேர்ந்தெடு' என்பது வெறும் வார்த்தை.

தகுதியுள்ளவர்களுக்குத் தமிழக அரசு பேட்டரி வீல்சேரை இலவசமாகவே தருகிறது. தம்பியின் அடையாள அட்டையோடு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரியுங்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் பழுதுபார்ப்பு மையம் கேட்டும் மனு கொடுங்கள். இதே சிரமம் உள்ள அக்கம்பக்கத்துக் குடும்பங்களும் கையெழுத்துப் போடட்டும்.

இன்னொன்று: அடுத்த வண்டி எதுவானாலும் முன்சக்கரத்தைப் பாருங்கள். மழை பெய்த நம் களிமண் தெருவில் சின்னச் சக்கரம் புதைந்துவிடும்.