வெளிநாட்டில் கைதான நம் ஆளை, அங்கே இருக்கும் இந்தியத் துணைத் தூதரகம் நினைத்தால் வெளியே எடுக்க முடியாதா?

உங்கள் வீட்டிலும் யாரோ உள்ளே இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். முடியாது. அதற்காக, அவர்களால் ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எங்களுக்குத் தங்கச்சிமடம். சில வருடங்களுக்கு முன் விசைப்படகில் போன என் தம்பியை நெடுந்தீவுப் பக்கம் இலங்கை நேவி பிடித்துவிட்டது. ஊர்காவற்துறை கோர்ட், அப்புறம் யாழ்ப்பாணம் சிறை. "நம்ம ஆபீசு அந்த ஊருலேயே இருக்கு, ஒரு வார்த்தை சொன்னா விட மாட்டானா?" என்று அப்பா வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் போன் வந்தது. துணைத் தூதரக அதிகாரி சிறைக்கே போய், தம்பியைப் பேச வைத்தார். "அக்கா, அம்மா சுகர் மாத்திரை போட்டுச்சா?" என்பதுதான் அவன் முதலில் கேட்டது. கைலி, சோப்பு, பேஸ்ட் எல்லாம் கொடுத்தார்கள் என்றான். அப்புறம் அதிகாரி வாங்கி, ஆதார் நகலும் மீனவர் அடையாள அட்டையும் அனுப்பச் சொன்னார். "எப்ப சார் விடுவாங்க?" என்றேன். "அதைக் கோர்ட்தாம்மா சொல்லணும். நாங்க பார்க்கலாம், வக்கீல் வைக்கலாம். கேஸுக்குள்ள போக முடியாது" என்றார். தட்டிக் கழிக்கிறார் என்று அன்றைக்கு நான் ஆத்திரப்பட்டது உண்மை.

பிறகு தேடிப் படித்தபோதுதான் அவர் சொன்னது அத்தனையும் சட்டம் என்று தெரிந்தது. நான் வக்கீல் இல்லை, படித்ததைச் சொல்கிறேன். துணைத் தூதரகங்கள் என்ன செய்யலாம், கூடாது என்று நாடுகள் சேர்ந்து போட்ட 1963ஆம் வருட வியன்னா ஒப்பந்தத்தின் 36ஆம் பிரிவுப்படி, கைதானவரைச் சிறையில் போய்ப் பார்க்க, பேச, கடிதம் எழுத, வக்கீல் ஏற்பாடு செய்ய அந்த அதிகாரிக்கு உரிமை உண்டு. பிடித்த நாடு அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் 55ஆம் பிரிவு, இருக்கும் நாட்டின் சட்டத்தை மதிக்க வேண்டும், உள் விவகாரத்தில் தலையிடக் கூடாது என்கிறது. உளவாளி என்று சொல்லிப் பாகிஸ்தான் பிடித்து மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ். அவரைப் பார்க்கப் பாகிஸ்தான் அனுமதிக்கவில்லை என்று இந்தியா சர்வதேச நீதிமன்றம் வரை போனது. 2019இல் பாகிஸ்தான் செய்தது தவறு, தண்டனையை மறுபடி ஆராய வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அந்த நீதிமன்றமே விடுதலை செய்யச் சொல்லவில்லை.

இதைச் சொன்னால் அரசாங்கத்துக்கு வக்காலத்து வாங்குகிறாயா என்று சிலர் வருவார்கள். வாங்கவில்லை. படகு இன்னும் அங்கேதான் கிடக்கிறது, அதற்கு வாங்கிய கடனுக்கு நாங்கள் வட்டி கட்டிக்கொண்டிருக்கிறோம். ஆனால் தம்பி திரும்பி வந்ததில் அவர்கள் வேலை இருக்கிறது. கடலுக்குப் போகிறவன் பாஸ்போர்ட்டா எடுத்துப் போவான்? கோர்ட் விட்ட பிறகு, இந்தியன்தான் என்று சரிபார்த்து அவசரப் பயணச் சான்று கொடுத்ததால்தான் கொழும்பில் விமானம் ஏற முடிந்தது.

எனக்கு இன்றும் ஆறாதது வேறு. ஒரு டிவிக்காரர்கள் வீட்டுக்கு வந்து, கேமரா சரியாக இல்லை, இன்னொரு தடவை அழச் சொல்லுங்கள் என்று அம்மாவைக் கேட்டார்கள். அம்மாவும் அழுதது. பிள்ளை வந்துவிடுவான் என்று நம்பி அழுதது. அவன் திரும்பி வந்த அன்று அவர்களில் ஒருத்தரும் வரவில்லை.

சரி, உங்கள் விஷயம். உங்கள் ஆளிடம் பேச முடிந்தால், "எங்கள் தூதரகத்துக்குத் தகவல் சொல்லுங்கள்" என்று சிறை அதிகாரியிடம் அவரே வாய் திறந்து கேட்கச் சொல்லுங்கள். கைதானவர் கேட்டால்தான் தாமதமில்லாமல் தெரிவித்தாக வேண்டும் என்று அந்த 36ஆம் பிரிவில் இருக்கிறது. வேண்டாம் என்று அவர் சொல்லிவிட்டால் தூதரகமும் விலகிக்கொள்ள வேண்டியதுதான். பயத்தில் எங்கேயாவது அப்படிச் சொல்லிவிடப் போகிறார். வீட்டிலிருந்து ஒருத்தர் மட்டும், ஒரே நம்பரிலிருந்து பேசுங்கள். நாங்கள் நாலு பேர் மாறி மாறிப் பேசியதில் தம்பியின் பிறந்த தேதியே இரண்டு விதமாகப் பதிவாகி, அதைத் திருத்த நாலு நாள் ஆனது.