புளியந்தோப்பும் எம்.சி. ராஜாவும்

அன்புள்ள ஐயா,

பெரம்பூரில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசியவர், 1921 பின்னி துணி ஆலை வேலைநிறுத்தம் தோற்றதற்கு ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜாவே காரணம் என்றார். பாட்டனார் காலத்திலிருந்து புளியந்தோப்பில் குடியிருக்கும் எனக்கு அது உறுத்தலாக இருந்தது. அந்த ஆலைத் தொழிலாளர்களின் சங்கத்துக்காக உழைத்த திரு.வி.க. பெயரில் இங்கே ஒரு தொகுதியே உள்ளது. பள்ளி ஆசிரியராக இருந்து அரசியலுக்கு வந்த ராஜா என்னதான் செய்தார்?

ஒரு வாசகர், புளியந்தோப்பு

அன்புள்ள நண்பருக்கு,

அந்தக் குற்றச்சாட்டை நான் ஏற்கவில்லை. திரு.வி.க.வும் ராஜாவும் 1883இல் பிறந்தவர்கள். இருவரும் இராயப்பேட்டை வெஸ்லி பள்ளியில் படித்தவர்கள். இருவரும் ஆசிரியப் பணியிலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர்கள். 1918இல் பெரம்பூரில் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்துக்குத் திரு.வி.க. உழைத்த உழைப்பை எவரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் 1921இல் ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பியபோது, கூலி நின்றால் மறுநாள் அடுப்பெரியாத, கடனில் மூழ்கிய குடும்பங்களின் நிலையைச் சங்கம் கணக்கில் எடுத்திருக்க வேண்டும். அது நடக்கவில்லை. சாதி மோதல் மூண்டது. புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன. ஆலை வாசலில் தொடங்கிய சண்டைக்கு உங்கள் தெருக்களில் வாழ்ந்தவர்கள் வீடிழந்தார்கள் என்பதை அந்தப் பேச்சாளர் சொல்லாமல் விட்டது எனக்கு வருத்தமே.

ராஜா அப்போது சென்னைச் சட்டசபை உறுப்பினர்; ஆளும் நீதிக்கட்சியின் சட்டசபைத் துணைத் தலைவரும்கூட. ஆதிதிராவிடருக்கு அரசு காட்டும் சலுகையே கலவரத்துக்குக் காரணம் என்று அவருடைய கட்சித் தலைவர்களே பேசினார்கள். பதவியைக் காப்பாற்றிக்கொள்ள நினைத்திருந்தால் வாய்மூடி இருந்திருக்கலாம். அவரோ 1923இல் கட்சியை விட்டே வெளியேறினார். அவருடைய அரசியல் வாழ்வில் நான் மிக உயர்வாக மதிப்பது இந்த முடிவைத்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1922இல், அரசு ஆவணங்களில் ‘ஆதிதிராவிடர்’ என்றே குறிக்க வேண்டும் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் அவரே. 1927 முதல் பத்தாண்டுகள் மத்திய சட்டசபையில் இருந்தார். 1937இல் சில மாதங்கள் மாகாண அமைச்சராகவும் பணியாற்றினார். அடுத்த ஆண்டு அவர் கொண்டுவந்த மசோதா, பொதுக் கிணறு, சாலை போன்றவற்றைத் தாழ்த்தப்பட்டோர் பயன்படுத்துவதைத் தடுப்பது குற்றம் என்று சட்டமாயிற்று. அதே ஆண்டில் அவர் முன்வைத்த ஆலய நுழைவு மசோதாவுக்கு, முதலில் மலபாருக்கு மட்டும் சட்டம் போதும் என்று கருதிய அப்போதைய மாகாணப் பிரதமர் ராஜாஜி ஆதரவு தரவில்லை, அது தோற்றது. 1932இல் இந்து மகாசபைத் தலைவர் மூஞ்சேயுடன் செய்த ஒப்பந்தத்தில், தாழ்த்தப்பட்டோர் மட்டுமே வாக்களித்துத் தங்கள் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் தனித்தொகுதியைக் கைவிட்டு, எல்லோரும் சேர்ந்து வாக்களிக்கும் கூட்டுத் தொகுதியை ஏற்றதில் எனக்கு உடன்பாடில்லை. தனித்தொகுதி வேண்டும் என்ற அம்பேத்கரின் நிலைப்பாடே சரியென்று நினைக்கிறேன். அதற்காக 1921இன் பழியையும் அவர் தலையில் சுமத்துவது நியாயமாகாது.

சைதாப்பேட்டையில் அவர் பெயரால் ஒரு மாணவர் விடுதி இருக்கிறது. எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்கு ஒருநாள் சென்று 1921, 1922ஆம் ஆண்டுகளின் சட்டசபை நடவடிக்கைத் தொகுதிகளைக் கேட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் இருந்தாலும் படிக்கக் கடினமில்லை. அடுத்த கூட்டத்தில் அந்தப் பேச்சாளரிடம் அவற்றைக் காட்டியே நீங்கள் விவாதிக்கலாம்.