எதிரணி ஆடும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி: கல்லூரிகளுக்கு இடையிலான கால்பந்துப் போட்டிகளில் அடுத்து மோதப்போகும் அணியை நோட்டம் பார்த்து வரச்சொல்லி, கோச் எங்கள் இருவரை அனுப்புகிறார். திரும்பி வந்தால் ‘பத்தாம் நம்பர் நல்லா ஆடுறான் சார்’ என்பதற்கு மேல் சொல்ல வரவில்லை. எதைக் குறித்துக்கொள்வது?
– கல்லூரி மாணவர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பந்தின் பின்னாலேயே கண் ஓடினால் அவ்வளவுதான் சொல்ல வரும். இருவர் போகிறீர்களே, வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். பந்து அவர்களிடம் இருக்கும்போது ஒருவர் பார்க்கட்டும். பந்து பறிபோன அடுத்த ஐந்து விநாடி மற்றவருக்கு. குட்டு வெளிப்படுவது அந்த ஐந்து விநாடியில்தான். ஏறிப்போன ரைட் பேக் (வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர்) திரும்பி ஓடி வருகிறாரா, இடுப்பில் கைவைத்து நடந்து வருகிறாரா? நடந்தால், அவர் விட்டுவந்த காலியிடம் உங்கள் லெஃப்ட் விங்குக்கு, அதாவது இடது ஓரத்தில் ஏறி ஆடுபவருக்கு.

அரைமணி முன்பே போய்விடுங்கள். ஸ்ட்ரைக்கர் எந்தக் காலால் அடிக்கிறார், உயரப் பந்தை கோல்கீப்பர் பிடிக்கிறாரா, குத்தித் தள்ளுகிறாரா என்பதெல்லாம் வார்ம்-அப்பிலேயே தெரிந்துவிடும். முதல் பத்து நிமிடம் யார் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் வரையுங்கள். கோல் கிக் நேரத்தில் எல்லோரும் அவரவர் இடத்துக்கு வந்துவிடுவதால் தடுப்பு, நடுக்களம், தாக்குதல் என்ற வரிசையில் ஆட்களை நிறுத்தியிருப்பது 4-4-2வா, 4-3-3யா என்பது அப்போது பளிச்சென்று தெரியும். ஜெர்சி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கல்லூரி அணிகளில் ஜெர்சி கை மாறும். பூட்ஸின் நிறம், முடிவெட்டு, முழங்காலில் கட்டு ஆகியவற்றையும் சேர்த்து எழுதுங்கள்.

கார்னருக்குத் தனிப் பக்கம் ஒதுக்குங்கள். பெனால்டி பாக்ஸை வரைந்து, உள்ளே எத்தனை பேர், கீப்பரை மறித்து நிற்பது யார், பின்னால் காவலுக்கு எத்தனை பேர் என்று புள்ளி வையுங்கள். அவர்கள் இடது மூலையிலிருந்து வலது காலால் அடித்தால் பந்து கோலை நோக்கி வளையும். இடது காலால் அடித்தால் விலகிப் போகும். அடிப்பவர் கையைத் தூக்கினால் பந்து எங்கே விழுந்தது என்பதையும் பக்கத்திலேயே குறியுங்கள். த்ரோ-இன்னை எல்லோரும் கோட்டை விடுகிறார்கள். அதிலிருந்து நேராகப் பந்து வாங்கினால் ஆஃப்சைடு (எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தவறு) கிடையாது என்பதால், டிஃபென்ஸுக்குப் பின்னால் ஒருவரை நிறுத்தும் அணிகள் உண்டு.

ஒவ்வொரு குறிப்புக்கும் ஓரத்தில் நிமிடமும் ஸ்கோரும் இருக்கட்டும். 3-0 முன்னிலையில் பின்வாங்கி நிற்பவர்கள் 0-0இல் அப்படி ஆடமாட்டார்கள். கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் மாலை ஆட்டமென்றால் காற்றின் திசையும் வேண்டும். கடல்காற்றை எதிர்த்து அடித்த கோல் கிக் நடுக்கோட்டைத் தாண்டவில்லை என்பதற்காகக் கீப்பரின் காலில் வலுவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

கேள்வி: ஒரே ஒரு செல்போன்தான் இருக்கிறது. ஆட்டத்தை உருப்படியாகப் படம்பிடிக்க முடியுமா?
– வாசகி, உப்பளம், புதுச்சேரி

பதில்: முடியும். நடுக்கோட்டுக்கு நேராக, கிடைக்கிற உயரமான படியில் உட்காருங்கள். மாலை ஆட்டத்துக்கு மேற்குப் பக்கம் நல்லது. வெயில் முதுகில் விழும், லென்ஸில் விழாது. போனைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். ஜூம் செய்யாதீர்கள், செய்தால் பந்து இருக்கும், பத்துப் பேர் காணாமல் போவார்கள். முழு எச்.டி.யில் நிமிடத்துக்குச் சுமார் 60 முதல் 130 எம்.பி. பிடிக்கும், 90 நிமிடத்துக்கு 12 ஜி.பி. காலி இருந்தால் கவலையில்லை. அழைப்பு வந்தால் பதிவு நின்றுபோகலாம், ஏரோபிளேன் மோடில் போட்டுவிடுங்கள். பவர் பேங்கை மறந்துவிட்டு இரண்டாம் பாதியில் கைபிசைவதுதான் வழக்கம்.

கேள்வி: அவர்கள் பயிற்சியை ஒளிந்திருந்து பார்ப்பது தப்பா?
– வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: தப்புதான். ஆட்டம் எல்லோருக்கும் பொது, பயிற்சி அவர்கள் வீட்டு விஷயம்.

கேள்வி: குறிப்பு பத்துப் பக்கம் சேர்ந்துவிடுகிறது. வீரர்களிடம் எவ்வளவு சொல்லலாம்?
– கல்லூரி உடற்கல்வி இயக்குநர், சிதம்பரம்

பதில்: மூன்றே விஷயம், அதுவும் ஏவலாக. ‘அவர்கள் ரைட் பேக் மெதுவானவர்’ என்பது தகவல். ‘பந்து கிடைத்ததும் முதல் பாஸ் இடது பக்கம்’ என்பதுதான் களத்தில் நினைவில் நிற்கும். மற்ற பக்கங்கள் உங்களிடமே இருக்கட்டும். கீப்பருக்கு மட்டும் தனியாக, பெனால்டி அடிப்பவர் யார், எந்தப் பக்கம் அடித்தார் என்று ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். கார்னரை வாயால் விளக்கிப் பயனில்லை. ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, ரிசர்வ் வீரர்கள் ஆறு பேரை எதிரணியாக நிறுத்தி, அதே இடத்திலிருந்து அதே காலால் பத்து முறை அடிக்கச் சொல்லுங்கள்.