லைட்காயினை மிக்ஸரில் போட்டால் வரி போய்விடுமா?

கேள்வி: கோத்தகிரியில் சிறு தேயிலைத் தோட்டம் வைத்திருக்கிறேன். 2021-ல் இந்திய எக்ஸ்சேஞ்ச் ஒன்றில் 1,20,000 ரூபாய்க்கு லைட்காயின் என்ற கிரிப்டோ நாணயம் வாங்கி, சொந்த வாலட்டுக்கு மாற்றினேன். போன வருடம் குன்னூர் நண்பரிடம் பழைய லேப்டாப் வாங்கியதற்குக் கொஞ்சம் காயினாகவே கொடுத்தேன். காயின் போன என் வாலட் அட்ரஸை வைத்து, யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேட்டில் என்னிடம் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்று அவர் பார்த்துவிட்டார். இப்போது கடைவீதியில் ஆளாளுக்குக் கைமாற்று கேட்கிறார்கள். மழையில் சரிந்த தடுப்புச்சுவரைக் கட்டப் பாதியை விற்க வேண்டும். மிக்ஸரில் போட்டால் தடமும் இருக்காது, வரியும் வராது என்கிறார் டெலிகிராமில் ஒருவர். போடலாமா?

பதில்: வேண்டாம். கையிருப்பு ஊருக்குத் தெரியக்கூடாது என்று நினைப்பது நியாயம்தான். ஆனால் வரித்துறைக்கு உங்களை ஏற்கெனவே தெரியும். பான் கொடுத்துத்தானே வாங்கினீர்கள்?

பலர் அனுப்பும் காயின்களைக் கலந்து, கமிஷன் பிடித்துக்கொண்டு, வேறு காயினைப் புது அட்ரஸுக்கு அனுப்புவதுதான் மிக்ஸரின் வேலை. கூட்டம் இருந்தால்தான் மறைய முடியும். லைட்காயின் மிக்ஸர்களில் கூட்டம் குறைவு. உள்ளே போன தொகையும் சற்று நேரத்தில் வெளியே வந்த தொகையும் ஒட்டியிருந்தால் யாரும் இணைத்துப் பார்த்துவிடலாம். நடத்துகிறவர் காயினோடு மறைந்தால் கேட்க நாதி இல்லை. 2023 மார்ச்சில் சிப்மிக்ஸர் என்ற மிக்ஸரை அமெரிக்க, ஜெர்மன் அதிகாரிகள் முடக்கினார்கள். 2024 ஜூலையில் வாசிர்எக்ஸ் என்ற இந்திய எக்ஸ்சேஞ்சில் திருடுபோன பணம் டொர்னாடோ கேஷ் என்ற மிக்ஸர் வழியாகப் போனது. அப்படிப்பட்ட பணத்தோடு கலந்து வந்த காயினை எக்ஸ்சேஞ்சில் போட்டால் கணக்கை நிறுத்திவைத்து விளக்கம் கேட்பார்கள். 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகாரர்களும் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டார்கள். சந்தேகப் பரிவர்த்தனையைத் தெரிவித்தே ஆகவேண்டும்.

இதைவிடப் பெரிய நஷ்டம் வரியில்தான். ஒரு கணக்குக்கு, 60,000 ரூபாய்க்கு வாங்கிய பாதியை 1,00,000 ரூபாய்க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். லாபம் 40,000, 30 சதவீத வரி 12,000, அந்த வரியின்மேல் செஸ் 480. எக்ஸ்சேஞ்ச் பிடிக்கும் ஒரு சதவீத டிடிஎஸ் 1,000 ரூபாயை இதில் கழித்துக்கொள்ளலாம். மிக்ஸரில் போட்டு எடுத்தபின், 'இது 2021-ல் நான் வாங்கிய காயின்தான்' என்று எதைக் காட்டுவீர்கள்? வாங்கிய விலையை ஏற்க மறுத்தால் முழு லட்சத்துக்கும் வரி: செஸ்ஸோடு 31,200 ரூபாய். டெலிகிராம்காரர் இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

ஊர்க்கண்ணுக்கு மறைக்க எளிய வழி இருக்கிறது. விற்க வேண்டிய பாதியைப் பழைய வாலட்டிலிருந்து உங்கள் பெயரிலுள்ள எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கு நேரே அனுப்பி விற்றுவிடுங்கள். மீதியையும் அங்கே கொண்டுபோய், புதிதாக உருவாக்கிய வாலட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்சேஞ்ச் எல்லாருடைய காயினையும் ஒன்றாக வைத்து அனுப்புவதால், பழைய அட்ரஸை மட்டும் பார்க்கிற நண்பருக்கு அதற்குமேல் பிடிபடுவது கடினம். உங்களுக்கோ பதிவு முழுதாக இருக்கும். சொந்தக் காயினைச் சொந்த வாலட்டுக்கு மாற்றுவதற்கு வரி கிடையாது. எக்ஸ்சேஞ்ச் காயினை வெளியே எடுக்க அனுமதிக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். இனி யாரிடம் காயின் வாங்கினாலும் ஒவ்வொரு முறையும் புது அட்ரஸ் கொடுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று: லேப்டாப்புக்குக் கொடுத்த காயினும் விற்பனைக் கணக்கில்தான் வரும். அதில் லாபம் இருந்து போன வருட ரிட்டர்னில் காட்டாமல் விட்டிருந்தால், உங்கள் ஆடிட்டரிடம் சொல்லித் திருத்தமோ, கெடு தாண்டியிருந்தால் கூடுதல் வரியோடு அப்டேட்டட் ரிட்டர்னோ போடுங்கள். காயினை விற்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.