மாமனார் பெயரில் பட்டா, மண்ணோடு போன தேயிலை: நிவாரணம் கிடைக்குமா?

கேள்வி: கோத்தகிரி பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. இரண்டு ஏக்கர் நிலம், பட்டா இன்னும் மாமனார் பெயரில்தான். மாமனாரும் மாமியாரும் இல்லை, என் கணவரும் இறந்துவிட்டார். நானும் இரண்டு பிள்ளைகளும்தான் பாடுபடுகிறோம். சென்ற ஐப்பசி மழையில் ஒரு ஏக்கர் தேயிலை அப்படியே பள்ளத்துக்குச் சரிந்துவிட்டது. அதற்குக் கீழே ஐம்பது சென்ட் கேரட், அதன்மேல் மண்ணும் பாறையும் கிடக்கிறது. விஏஓ வந்து கேரட் பயிர்ச்சேதம் என்று மட்டும் எழுதிக்கொண்டு, "பட்டா உங்க பேர்ல இல்லையேம்மா, கஷ்டம்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனும் இருக்கிறது. நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் பட்டாவைவிட என்னை உறுத்தியது "கேரட் பயிர்ச்சேதம் என்று மட்டும்" என்ற வரிதான். பட்டா பிரச்சினைக்கு வழி உண்டு. கணக்கெடுப்பில் எழுதாமல் விட்டதைப் பிறகு வாங்குவதுதான் கடினம். அதனால் முதலில் அதைப் பார்ப்போம்.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதி விதிமுறையில் நிலச்சரிவு தனியாக அறிவிக்கப்பட்ட பேரிடர். 2022-23 முதல் 2025-26 வரைக்குமான அந்த விதிமுறையில் உங்களுக்கு நடந்தது ஒரு சேதம் அல்ல, தனித்தனிச் சேதங்கள். நிலச்சரிவில் நிலத்தின் பெரும்பகுதியே போய்விட்டால் ஹெக்டேருக்கு 47,000 ரூபாய். இது சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும், அதாவது இரண்டு ஹெக்டேர் வரை வைத்திருப்பவர்களுக்கு. மலைப்பகுதியில் விளைநிலத்தின் மேல் விழுந்த இடிபாடுகளை அகற்ற ஹெக்டேருக்கு 18,000. ஆனால் அதே வேலைக்கு வேறு அரசுத் திட்டத்தில் உதவி வாங்கியிருக்கக் கூடாது, வாங்கத் தகுதியும் இருக்கக் கூடாது. அப்புறம் பயிர். சேதம் 33 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் இடுபொருள் மானியம் (விதை, உரம் போன்ற செலவுக்கான உதவி) உண்டு: மானாவாரிக்கு ஹெக்டேருக்கு 8,500, பாசனப் பயிருக்கு 17,000, பல்லாண்டுப் பயிருக்கு 22,500.

உங்கள் நிலத்துக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விஏஓ எழுதியபடி விட்டால், கேரட்டைப் பாசனப் பயிராக எடுத்துக்கொண்டாலும், ஐம்பது சென்டுக்குச் சுமார் 3,440 ரூபாய்தான் வரும். சரிந்த ஒரு ஏக்கருக்கு நில இழப்பு என்று எழுதினால் சுமார் 19,000. மண்ணையும் பாறையையும் அகற்ற சுமார் 3,640. மூன்றும் சேர்ந்தால் 26,000 ரூபாய்க்கு மேல். தேயிலைக்கான பல்லாண்டுப் பயிர் மானியத்தையும் மனுவில் தனித் தலைப்பாகக் கேளுங்கள். ஒரு ஏக்கர் தேயிலையை மறுபடி நட்டு வளர்க்க இந்தப் பணம் எந்த மூலைக்குக் காணும் என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தொகை போதாது என்பதுதான் என் எண்ணமும். ஆனாலும் 3,440க்கும் 26,000க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் வீட்டுக்குப் பெரிது.

சரி, பட்டாவுக்கு வருவோம். நில இழப்புக்கான 47,000 வருவாய்ப் பதிவேடுகளின்படி உரிமை முறையாக உள்ளவர்களுக்குத்தான் என்று விதியே சொல்கிறது. விஏஓ சொன்னது இதைத்தான். ஆனால் மாமனார் உயில் எழுதாமல் இறந்தபோதே, அது அவருடைய சுயசம்பாத்திய நிலமாக இருந்தால், உரிமை வாரிசுகளுக்கு வந்துவிட்டது. பட்டாவில் பெயர் மாறாததால் உரிமை இல்லாமல் போகாது. உங்கள் கணவரின் பங்கு இன்று உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் உரியது. ஒன்றைக் கவனியுங்கள்: மாமனாருக்குப் பெண் பிள்ளைகள் இருந்தால் உங்கள் நாத்தனார்களுக்கும் சமபங்கு உண்டு. அவர்களிடம் போய்ப் பேசுங்கள். மறைத்து வாரிசுச் சான்றிதழ் வாங்கினால் பின்னால் வம்பாகும். மாமனார், கணவர் இருவரின் இறப்புச் சான்றிதழ், இருவருக்குமான வாரிசுச் சான்றிதழ், நிவாரணத்தை நீங்கள் பெற ஆட்சேபமில்லை என்று நாத்தனார்கள் எழுதித் தரும் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு பட்டா மாற்றத்துக்கு இப்போதே விண்ணப்பித்துவிடுங்கள். அது முடியும்வரை காத்திருக்க வேண்டாம். "சேதத்தை இப்போது பதிவு செய்யுங்கள், தொகையை வாரிசுப் பதிவுக்குப் பின் வழங்குங்கள்" என்று மனுவில் கேட்கலாம்.

கூடலூர், பந்தலூர் பக்கம் 1969 ஜன்மம் (ஜமீன் போன்ற பழைய நிலவுடைமை) ஒழிப்புச் சட்டத்தின் 17-வது பிரிவில் சிக்கிய நிலங்களில் தலைமுறையாகப் பயிரிட்டும் பட்டா கிடைக்காத குடும்பங்கள் இருக்கின்றன. பதிவேட்டில் உரிமை கேட்கும் இந்த நிவாரண விதி அவர்கள் முகத்தில் கதவைச் சாத்துகிறது. மண் சரியும்போது பட்டா பார்த்துச் சரிவதில்லையே. இதை மாற்றியே ஆக வேண்டும்.

அளவுக்கல் மண்ணில் புதைந்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம். புலப்படத்தில் (சர்வே எண்ணுக்கான நில அளவை வரைபடத்தில்) அளவுகள் இருக்கின்றன, நில அளவையர் மறுபடி எல்லை காட்ட முடியும். தாசில்தார் அலுவலகத்திலிருந்து வந்து பார்க்கும்வரை மண்ணை அள்ளாதீர்கள். வழியை அடைத்துக்கொண்டு கிடப்பதை அகற்றியே ஆக வேண்டுமென்றால், முதலில் நாலாபுறமும் படம் எடுங்கள். சரிவின் உச்சியும் அடியும் படத்தில் தெரிய வேண்டும்.

கடன் விஷயம். தள்ளுபடியை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 13-வது பிரிவு கடன் திருப்பிச் செலுத்துவதில் சலுகைக்கு இடம் தந்தது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு கடன் தள்ளுபடி பற்றிக் கேரள உயர் நீதிமன்றம் கேட்டபோது, 2025 திருத்தத்தில் அந்தப் பிரிவே நீக்கப்பட்டுவிட்டது என்று மத்திய அரசு பதில் சொன்னது. நீங்கள் கேட்க வேண்டியது தவணை மாற்றியமைப்பு. சேதம் 33 விழுக்காட்டுக்குக் குறையாது என்ற வருவாய்த்துறைச் சான்றை வைத்துச் சங்கத்தில் எழுத்தில் கேளுங்கள். பயிர்க் காப்பீடு எடுத்ததாக நீங்கள் எழுதவில்லை. அடுத்த போகத்துக்கு, பயிர் அறிவிக்கப்பட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அதில் நிலச்சரிவும் சேரும், ஆனால் 72 மணி நேரத்துக்குள் 14447 எண்ணிலோ வங்கியிலோ சொல்லியாக வேண்டும்.

இப்போது மனு. தாசில்தாருக்கு ஒன்று, நகல் மாவட்ட ஆட்சியருக்கு. திங்கள்கிழமை குறைதீர் நாளில் கொடுக்கலாம், விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலும் எழுந்து பேசலாம். கூடவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி, உங்கள் சர்வே எண்ணுக்கான சேதக் கணக்கெடுப்பு நகலைக் கேளுங்கள். முப்பது நாளில் தந்தாக வேண்டும், என்ன எழுதினார்கள் என்பது தெரிந்துவிடும். அதற்கும் அசையாவிட்டால், மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடக் கோரி சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் எடுத்த நடவடிக்கைகளைப் பற்றி உள்ளூர் சிவில் கோர்ட்டில் வழக்குப் போட அந்தச் சட்டத்தின் 71-வது பிரிவு இடம் தராது. வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். பெண் என்பதால் வருமான வரம்பு பார்க்காமலே உங்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. ஊட்டியில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள்.

மனுவின் நகலில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் திரும்பி வந்துவிடாதீர்கள்.