அமெரிக்கச் சீனர் வரலாற்றில் வரும் 'காகித மகன்' யார்?

காகிதத்தில் மட்டும் மகன். ரத்த உறவு கிடையாது. 1882-இல் அமெரிக்கா சீனத் தொழிலாளர்களைத் தடுக்கச் சட்டம் போட்டது. வணிகர்கள், மாணவர்கள் போன்ற சிலருக்கும், குடிமக்களின் பிள்ளைகளுக்கும்தான் வழி இருந்தது. அப்புறம் 1906-இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் மூண்ட தீ, பிறப்புப் பதிவேடுகளை அழித்தது. 'நான் இங்கேதான் பிறந்தேன்' என்று சொன்னால் மறுக்க ஆதாரம் இல்லை. அப்படிக் குடியுரிமை பெற்றவர்கள் சீனா போய்த் திரும்பும்போது, மகன் பிறந்ததாகப் பதிவு செய்தார்கள். அந்த 'மகன்' இடத்தைப் பணம் கொடுத்து வேறொரு பையன் வாங்கிக்கொள்வான்.

அதிகாரிகளுக்கும் இது தெரியும். அதனால் 1910 முதல் 1940 வரை, வந்தவர்களைச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவில் அடைத்து வைத்துத் துருவித் துருவிக் கேட்டார்கள். வீட்டுக்கு எத்தனை படி? அரிசிப் பானை எந்த மூலையில்? அப்பாவிடமும் அதே கேள்விகள். பதில் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்பலாம். பையன்கள் இந்தப் பதில்கள் எழுதிய குறிப்பேட்டைக் கப்பலிலேயே மனப்பாடம் செய்து, கரை சேருமுன் கடலில் வீசிவிடுவார்கள். எனக்கு மனசு கனப்பது, இதே கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்த உண்மையான மகன்களை நினைத்துத்தான். நம் வீட்டுப் படிகளை நாம் எண்ணியா வைத்திருக்கிறோம்?

மாதக்கணக்கில் காத்திருந்தவர்கள் மரச்சுவரில் மரபுக் கவிதைகளைச் செதுக்கினார்கள், பெரும்பாலும் பெயர் போடாமல். இடிபடவிருந்த கட்டடத்தில் 1970-இல் ஒரு பூங்காக் காவலர் அவற்றைக் கவனித்ததால்தான் பிழைத்தன. அமெரிக்கச் சீன இலக்கியம் படிக்க விரும்பினால், அந்தச் சுவரிலிருந்து தொடங்குங்கள்.

1943-இல் தடை நீங்கியது. ஆண்டுக்கு 105 பேருக்கு மட்டும் அனுமதி. வாங்கிய பெயரிலேயே வாழ்ந்து மறைந்த சிலரின் கல்லறையில் ஆங்கிலத்தில் அந்தப் பெயரும், சீன எழுத்தில் சொந்தப் பெயரும் இருக்கின்றன.